நான் வாசிக்காமல் விட்ட பந்தி

அந்தச் சிங்களப் பிரதியில் எனக்கு முதலில் எரிச்சல் மூட்டியது ஒரே ஒரு சொல்: ‘அவர்கள்.’

மாத்தளை நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சுற்றறிக்கை, அறிவித்தல், கூட்டக் குறிப்பு என்று சிங்களத்தில் வருவதையெல்லாம் தமிழாக்குவது என் வேலை. சுதந்திர தினம் வந்தால் இன்னொன்றும் சேரும். மைதானத்தில் நடக்கும் விழாவுக்கான வர்ணனையைத் தமிழில் எழுதி, சிங்கள அறிவிப்பாளர் ஒவ்வொரு பந்தியாக வாசித்து முடிக்க முடிக்க நான் அதன் தமிழை மைக்கில் வாசிக்க வேண்டும். பல வருடங்களாகச் செய்துவந்ததுதான். ‘வருகை தந்திருக்கும்’, ‘அன்புடன் அழைக்கிறோம்’ எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

நெருக்கடிக் காலத்துப் பெற்றோல் வரிசையும் சமையல் காஸ் வரிசையும் ஒருவழியாக ஓய்ந்திருந்த வருடம் அது. அந்த முறை விழாவைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வதென்று மேலே முடிவெடுத்திருந்தார்கள். அடிமைப்பட்டுக் கிடந்த நாடு எப்படிச் சுபீட்சமான, பல இனங்களும் கூடி வாழும் நாடாக வளர்ந்தது என்பதை ஆடல் பாடலோடு காட்டவேண்டுமாம். ‘சுபீட்சம்’ என்று எழுதும்போதே கை ஒரு கணம் நின்றது. என் வீட்டில் அப்போதும் விறகடுப்புதான் எரிந்துகொண்டிருந்தது. அரசாங்கத் தமிழ்தானே என்று எழுதிவைத்தேன்.

முதல் காட்சி, வெள்ளைக்காரனை எதிர்த்து மாத்தளையில் எழுந்த கிளர்ச்சி. பிறகு கண்டி நடனம். முஸ்லிம்களுக்குத் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் ஒரு வியாபாரி. வடக்குத் தமிழருக்கு நாதஸ்வரமும் பரதநாட்டியமும். கடைசியில் நாங்கள், தோட்டத்துத் தமிழர். எங்களுக்கு ஒதுக்கியிருந்த பந்தி இவ்வளவுதான்: வெள்ளையர்கள் தமது தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக அவர்களை அழைத்துவந்தார்கள். இன்று அவர்களும் நம்மோடு ஒன்றாக மகிழ்ச்சியுடன் வாழ்கிறார்கள்.

இதை நான் எப்படித் தமிழில் வாசிப்பது? நான் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். என் அக்கா இன்றைக்கும் அதே லயத்தில் இருந்துகொண்டு கொழுந்து எடுக்கிறாள். ‘அவர்கள்’ என்று வாசித்தால் அக்காவை வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போன மாதிரி. ‘நம்மோடு’ என்பது அதைவிட மோசம். சிங்களத்தில் அந்தச் சொல் யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லை. தமிழில் அப்படியில்லை. ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. என் வாயால் ‘நம்மோடு அவர்கள்’ என்று மைக்கில் சொன்னால், அந்த ‘நாம்’ யார்?

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் மேசையிலேயே உட்கார்ந்து என் பாட்டுக்கு ஒரு பந்தி எழுதினேன். எங்களை யாரும் வண்டி வைத்து அழைத்துவரவில்லை. எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். நடந்து நடந்து தம்புள்ளை தாண்டி இந்த மாத்தளைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அப்போது தேயிலைகூட இல்லை, கோப்பிக் காலம். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மிஞ்சியவர்கள் காட்டை வெட்டினார்கள், றோட்டுப் போட்டார்கள், பிறகு ரயில் பாதை போட்டார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனம் வரவில்லை. சுதந்திரம் கிடைத்த கையோடு எங்கள் குடியுரிமை பறிக்கப்பட்டது என்றும் எழுதினேன்.

இது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதி இல்லை. அப்பா அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தார். ஆனாலும் ஆயுசில் முக்கால்வாசிக் காலம் அப்பா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகவே இருந்தார். அவருடைய தம்பி குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதுவரை சித்தப்பாவும் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. ரயில் ஏற்றிவிட்டு வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுத்த நாள் மத்தியானம் வரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார். பின்னால் ஒருநாள் அவருக்கும் குடியுரிமை கிடைத்தது. முதல் தடவை வாக்குப் போடப் போனபோது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டுமென்று விடியுமுன்பே போய்விட்டார். அடுத்த தேர்தலுக்கு அவர் இல்லை.

பந்தியை எடுத்துக்கொண்டு பொறுப்பதிகாரியிடம் போனேன். அவரும் தமிழர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடங்களாக மாத்தளையில் இருப்பவர், ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

“உண்மைதான் பிள்ளை, பிழையொண்டும் இல்லை,” என்றார். “ஆனா இது கொண்டாட்டம். செத்தவீட்டு அந்தியேட்டி இல்லை.”

“ரோட்டோரத்துல செத்தவங்களுக்கு யாரும் அந்தியேட்டி செய்யலயே சேர்,” என்றேன்.

அவர் பேனாவை எடுத்து என் பந்தியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “சிங்களத்தில என்ன கிடக்கோ அதைத்தான் தமிழில வாசிக்கலாம். நீர் மொழிபெயர்ப்பாளர். உந்தக் கதையை ஏன் இப்ப தூக்கிப் பிடிக்கிறீர்?”

“அதுல ‘அவர்கள்’னு சொல்றது என்னைய சேர்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கலவரத்தில எங்கட வீட்டையும்தான் எரிச்சவங்கள். அப்பாவும் நானும் உடுத்த உடுப்போட ஓடினனாங்கள். நான் அதை மைக்கில சொல்லுறனோ?” என்றார்.

தாளை அவர் மேசையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். ஆனால் கோபம் தணியவில்லை, இரட்டிப்பாகியது. வீடு எரிந்த மனிதர் அதைச் சொல்லாமலே ஓய்வு பெறப் போகிறார். அதனால் நானும் சொல்லக்கூடாதாம். இப்படி ஆளுக்கு ஆள் வாயை மூடிக்கொண்டால்தான் இந்த நாடு சுபீட்சமாக இருக்குமென்றால், அந்தச் சுபீட்சம் யாருக்கு? இதையெல்லாம் அவரிடம் கேட்கவில்லை. என் மேசைக்கு வந்து, ‘அவர்கள்’, ‘நம்மோடு’ எல்லாவற்றையும் உள்ளபடியே தட்டச்சுச் செய்து கொடுத்தேன்.

ஒத்திகைக்கு மைதானத்துக்குப் போனேன். கொழுந்துக் கூடைகளோடு வரிசையாக நின்ற பெண் பிள்ளைகளைப் பார்த்ததும் எங்கேயோ இடித்தது. எல்லோரும் நகரத்து நடன வகுப்புப் பிள்ளைகள், ஒருவர்கூடத் தோட்டத்துப் பிள்ளை இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். முகத்திலும் கையிலும் கறுப்பாக ஏதோ மாவு பூசியிருந்தார்கள். வியர்வை வழிந்த இடங்களில் அவர்களுடைய சொந்த நிறம் கோடு கோடாகத் தெரிந்தது.

நடன ஆசிரியையிடம் சிங்களத்தில் கேட்டேன், இது எதற்கென்று. நல்ல பெண்தான். சிரித்துக்கொண்டே, “இல்லாவிட்டால் அசலாகத் தெரியாது மிஸ். வெயிலில் வேலை செய்கிறவர்கள் அல்லவா?” என்றாள்.

“அசல் பிள்ளைகளையே கூப்பிட்டிருக்கலாமே?”

“கேட்டுப் பார்த்தோம். ஒத்திகை முடிந்து மேலே போக பஸ் இல்லை என்றார்கள். வேறென்ன செய்ய?”

அது பொய்யில்லை. எங்கள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் பள்ளிக்கூடம் விட்ட கொஞ்ச நேரத்திலேயே போய்விடும். மழை நாளில் அதுவும் பாதி வழியில் நின்றுவிடும். கொழுந்து ஏற்றும் லொறி மட்டும் எந்த மழையிலும் போய் வரும். அந்தக் கொழுந்தை எடுத்தவளின் பிள்ளை ஆட வருவதற்கு வழியில்லை. அதற்குப் பதிலாக வேறொருத்தி முகத்தில் கறுப்பைப் பூசிக்கொண்டு ‘மகிழ்ச்சியுடன்’ ஆடுவாள். நான் அதற்கு வர்ணனை வாசிப்பேன்.

“இந்தக் கறுப்பைக் கழுவச் சொல்லுங்கள்,” என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. தான் செய்ததில் என்ன குற்றமென்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “நாங்கள் உங்களைக் கௌரவப்படுத்தத்தானே மிஸ் இவ்வளவு பாடுபடுகிறோம்?” என்றாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். அதற்கு மேல் நான் கத்தினால் அந்தப் பிள்ளைகள்தான் அழுவார்கள் என்று வந்துவிட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தாள். தோட்டத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவர லொறி ஏற்பாடாகியிருக்கிறதாம், எல்லோரும் நல்ல சீலை கட்டி வரவேண்டுமாம்.

“நானும் வாறேன் தங்கச்சி,” என்றாள். “ஆட்டம் பாட்டம் என்னாத்துக்கு? ஓன் சத்தம் மைக்குல கேக்கணும். லயத்துல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், என் தங்கச்சிதான் பேசப் போறான்னு.”

சரியென்று வைத்துவிட்டேன். பந்தியைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

விழா நாள் காலையிலேயே வெயில் கொளுத்தியது. அதிதிகளுக்குப் பந்தலும் மின்விசிறியும். தோட்டத்திலிருந்து வந்தவர்களை மைதானத்தின் எதிர்ப்பக்கம், கயிறு கட்டிய இடத்தில், வெட்டவெளியில் நிற்க வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு சின்னக் கொடி கொடுத்திருந்தார்கள். அக்கா அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். நிழலுக்கா, எனக்குக் காட்டவா என்று தெரியவில்லை.

கிளர்ச்சி வந்தது, கைதட்டினார்கள். துணி மூட்டை வியாபாரி வந்தார், சிரித்தார்கள். பரதநாட்டியத்துக்கு எங்கள் அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்து ரசித்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் சிங்களம் முடிந்ததும் என் தமிழ் ஒலித்தது. அப்புறம் கூடைகள் வந்தன. கறுப்பைக் கழுவவில்லை. கொஞ்சம் குறைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அறிவிப்பாளர் நல்ல கணீர் குரலில் அந்தப் பந்தியைச் சிங்களத்தில் வாசித்துவிட்டு எனக்குத் தலையசைத்தார்.

நான் மைக்கின் முன்னால் நின்றேன். தாள் கையில் இருந்தது. வாய் திறக்கவில்லை. பயமில்லை. மேடையில் வைத்துச் சண்டை போடும் தைரியமும் இல்லை. அந்தச் சொற்களை என் வாயால் சொல்ல மாட்டேன் என்பது மட்டும் அந்த நிமிடத்தில் கல்லுப் போல உறுதியாக இருந்தது. தமிழ் வராவிட்டால் என்ன ஆகுமென்று பார்ப்போம். யாராவது திரும்புவார்கள், யாராவது கேட்பார்கள் என்று நின்றேன்.

யாரும் திரும்பவில்லை. பிரதம அதிதி பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டுப் போடுகிறவன் பாட்டைப் போட்டான். பிள்ளைகள் ஆடினார்கள். அறிவிப்பாளர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார். எங்கள் அதிகாரி மட்டும் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல இனங்களும் கூடி வாழும் நாட்டின் கொண்டாட்டத்தில் தமிழ் விடுபட்டுப் போனதை ஏனென்று கேட்க ஓர் ஆள்கூட இல்லை. நான் தாளைக் கிழித்துப் போட்டிருந்தாலாவது சத்தம் கேட்டிருக்கும். மிச்சப் பந்திகளை இயந்திரம் மாதிரி வாசித்து முடித்தேன்.

விழா முடிந்ததும் லொறி நின்ற இடத்துக்கு ஓடினேன். அக்கா ஏறாமல் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

“என்னா ஆச்சு? நம்ம ஆட்டம் வந்தப்ப மட்டும் ஓன் சத்தத்தக் காணோம்? மைக்கு கெட்டுப் போச்சுன்னு நெனச்சோம்.”

நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். ‘அவர்கள்’, கறுப்பு, அதிகாரி போட்ட கோடு, எல்லாம். அவள் என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் இன்னும் கொதித்தாள்.

“கோவம் வந்தா பேசணும்டி. வாய மூடிக்கிட்டு நின்னா எங்களுக்கு எப்புடித் தெரியும்? அந்தப் புள்ளைங்க மூஞ்சில பூசியிருந்தத நாங்க பார்க்கலன்னு நெனைக்கிறியா? இங்கருந்தே தெரிஞ்சிச்சி. கூடை வேற! இப்ப யாரு கூடை கட்டுறா? சாக்குலதானே எடுக்குறோம். அதெல்லாம் பார்த்துக்கிட்டு, சரி, தங்கச்சி வந்து நாலு வார்த்த நல்லதாச் சொல்லுவான்னு வெயில்ல நின்னோம்.”

“அவங்க குடுத்தத வாசிக்கச் சொல்றியா?”

“அவங்க குடுத்ததத் தூக்கிப் போட்டுட்டு ஒன்னோடத வாசிச்சிருக்கலாம்ல? மைக்கு ஓன் கையிலதான இருந்திச்சி?”

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். மேலே நின்ற பெண்கள் கை கொடுத்து அவளைத் தூக்கினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் எங்களுக்குள் பேச்சில்லை. அவள்மேலும் எனக்குக் கோபம்தான். மைக்கில் சொந்தமாக வாசித்திருந்தால் அடுத்த நாள் என் வேலை என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கென்ன தெரியும்? ஆனால் அவள் கேட்ட அந்தக் கேள்வி இரவு பகலாக என்னைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் பிரதி வந்தபோது பழைய பந்தி ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருந்தது. போன வருடத்துத் தாளையே எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் அதைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

“இத நான் வாசிக்க மாட்டேன் சேர். வேற ஆளப் பாத்துக்கங்க.”

“வேற ஆளுக்கு நான் எங்க போறது?” என்றார் அவர். போன வருடம் நடந்ததைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தையும் கேட்காதவர், அன்றும் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். குறுக்கே கோடு போட்ட என் பந்தி. அதை அவர் எறியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏன் வைத்திருந்தார் என்று நானும் கேட்கவில்லை.

இருவரும் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுவது போலப் பேசினோம். நடந்து வந்தது இருக்கட்டும் என்றார். வழியில் செத்தது வேண்டாம் என்றார். நான் எழுந்துவிட்டேன். சரி, அதுவும் இருக்கட்டும் என்றார். றோட்டும் ரயிலும் இருக்கட்டும். குடியுரிமைக்கு மட்டும் அசையவே இல்லை.

“அது ஏலாது பிள்ளை. மேலிடத்துக்கு நான் என்ன சொல்லுறது?”

“நடந்தத சொல்லுங்க.”

“இந்த வருசம் இவ்வளவும் போகட்டும்,” என்றார். சிங்களப் பிரதியிலும் அதே வசனங்களைச் சேர்த்து அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் மதிக்கிறேன். மிச்சத்துக்குக் கோபம் அப்படியே இருக்கிறது.

அந்த முறை வாசித்தேன். “நாங்கள் நடந்து வந்தோம்” என்றுதான் தொடங்கினேன். ‘அவர்கள்’ இல்லை. பந்தலில் இரண்டொருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆனால் எதிர்ப்பக்கம் கயிறு கட்டிய இடம் காலியாகக் கிடந்தது. எரிபொருள் செலவென்று சொல்லி அந்த வருடம் தோட்டங்களுக்கு லொறி அனுப்பவில்லை. யாருக்காக எழுதினேனோ அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்த கையோடு தாளை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அக்கா லயத்து வாசலில் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முடித்ததும் பாராட்டுவார்கள் என்று பார்த்தால் சண்டை தொடங்கியது.

“இந்த ஓட்ட விழுந்த கூரத் தகரத்தப் பத்தி ஏன் எழுதல?” என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

“எட்டுத் தலமொறையா இருக்கோம், வீடு கட்ட ஒரு துண்டுக் காணி நம்ம பேர்ல இல்ல. அத மொதல்ல எழுதச் சொல்லு,” என்றார் அவள் புருசன்.

“பஸ்ஸு! பஸ்ஸ எழுதுங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“அப்பாவுக்குக் குடியுரிமை இல்லாம இருந்ததே, அது எங்க?” என்று அக்கா கேட்டாள். சேர்க்க விடவில்லை என்றேன். “விடலன்னா? அவங்க விட்டாத்தான் நடந்ததா?”

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கும் ஆத்திரம் வந்தது. “நான் ஒருத்தி எத்தனயத்தான் வாசிக்கிறது?” என்றேன்.

“நீ எதுக்கு வாசிக்கணும்?” என்றாள் அக்கா, துணியை உதறியபடி. “எங்களுக்கு வாய் இல்லையா? எட்டாம் வகுப்பு வரைக்கும் நானும் படிச்சிருக்கேன். அந்த மைக்க எங்கிட்டக் குடு.”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. கந்தோரில் போய்ச் சொன்னேன்: அடுத்த விழாவில் எங்கள் பந்தியை ஒரு தோட்டத் தொழிலாளி வாசிப்பார், அவர் வாசித்தால்தான் மிச்சத்தை நான் வாசிப்பேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அது நடக்காத காரியம் என்றார். எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போனபின் வருகிறவர் என்ன சொல்வாரோ தெரியாது.

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போதெல்லாம் வாசித்துப் பழகுகிறாள். குடியுரிமை, காணி எல்லாம் சேர்ந்து பந்தி இப்போது நீண்டுவிட்டது. அவள் மூச்சுவிடாமல், யாரோ துரத்துவது போல வாசிக்கிறாள்.

“கொஞ்சம் மெதுவா வாசி அக்கா,” என்றேன் போன வாரம். “கேக்குறவங்களுக்கு விளங்கணும்ல?”

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் ஏன் மெதுவா வாசிக்கணும்? கேக்குறவன் வேகமாக் கேக்கட்டும்.”